நாற்பத்தொன்றாம் எண்

பார்கோலாவில் சாலைக்கு அந்தப்புறம் கடல்,
இந்தப்புறம் எங்கள் கடை.
ஆகஸ்டில் யாரும் கருப்பு கேட்பதில்லை.
எலுமிச்சை நிறம் கேட்பார்கள், மங்கிய தங்கம்,
கணுக்காலில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டும் வார்.
பதினொரு வருடமாக நானும் சொல்லிவருகிறேன்:
மெல்லிய வாருக்குத் தொளதொளப் பாவாடை,
கால்சட்டை என்றால் இரண்டு விரற்கடை மடித்துவிடுங்கள்,
நகத்துக்கு வாரின் நிறத்தையே பூசாதீர்கள்,
சீருடை மாதிரி ஆகிவிடும்.

நீவெஸ் க்ரால் வந்தது
மத்தியானம் கடை அடைக்கப்போகும் நேரத்தில்.
"நாளைக்கு ஓர் அடக்கம்.
முப்பத்தெட்டு டிகிரி என்கிறார்கள்.
உடை கருப்பு. செருப்பு வேண்டும். நாற்பத்தொன்று."

துக்கத்துக்கு விரல் தெரியக்கூடாதென்று
நான் வாயால் சொல்லவில்லை.
என் கை சொல்லிவிட்டது,
மூடிய ஷூ இருக்கும் அட்டைப்பெட்டியை எடுத்து.
அவர் அதைப் பார்க்கவே இல்லை.
கண்ணாடிக்குப் பின்னால்
பொம்மைக் காலில் கிடந்தது சிவப்பு.
ஏழு வார்.

யார் இறந்தது என்று கேட்டிருக்கக்கூடாது.

"எல்வியோ. முன்பு என் புருஷன்.
என் காலைப் படகு என்பான்.
முதலில் கேலிக்கு.
பிறகு அதுவே கூப்பிடும் பெயர்.
இருபத்தாறு வருடம்
கடலுக்குக்கூடத் துணி ஷூவோடு போனேன்."

மண்டியிட்டேன். அது என் வேலை.
நறுக்கிய முள்ளங்கியின் வெள்ளை, அந்தக் கால்.
கட்டைவிரலை முந்திக்கொண்டு இரண்டாம் விரல்.
முதல் வாரை விரல்களின் மேல் இழுத்தேன்,
அடுத்தது மேட்டில்,
அடுத்தது,
நரம்பு ஒன்று ஓடிவந்து மறையும் இடத்தில்.
ஒரு துளை தளர்த்தியே மாட்டுங்கள்,
சாயங்காலம் கால் வீங்கும்.
புதுசு, கடிக்கும் என்றேன்.
"கடிக்கட்டும்.
செருப்புதானே."

எழுந்து நின்றார். கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை.
"இதற்கு எதைப் போட்டுக்கொள்வது?"
என்னிடம் எப்போதும் பதில் இருக்கும்,
அன்று கொஞ்சம் தாமதமாக வந்தது:
நகை வேண்டாம். உதட்டுக்கு எதுவும் வேண்டாம்.
கைப்பை, இருப்பதிலேயே பழையது.
மற்றதையெல்லாம் வாயை மூடச் சொல்லுங்கள்,
கால் பேசிக்கொள்ளும்.

பன்னிரண்டு நாள் கழித்து
வெறுங்காலோடு வந்தார்,
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு,
பாவாடை நுனி சொட்டச் சொட்ட.
வார்களில் உப்புப் பூத்திருந்தது.
இடது பக்கிள் துருவேறி இரண்டாக.
கடல் தொட்டதைத் திருப்பி வாங்கமாட்டோம் என்று
மனப்பாடமாக ஆரம்பித்தேன்.
"திருப்பித் தர யார் வந்தது?
பக்கிள் மாற்று."

அப்போதுதான் பார்த்தேன்.
கால் முழுக்க வெயில் தின்ற பழுப்பு,
அதன் குறுக்கே வெள்ளையாய்
ஒன்று, இரண்டு... ஏழு கோடு.
அடக்கம் அரைமணி நேரம்.
இது அரைமணி வெயில் இல்லை.

அங்கே யாராவது பார்த்தார்களா?
"பாதிரியார் பார்த்தார், ஜெபத்தில் ஒரு வரி விட்டுவிட்டார்.
அவன் தங்கை பார்த்தாள்.
பெட்டியை இறக்கும்போது காதோரம் வந்து
எந்தக் கடை என்று கேட்டாள்.
வருவாள். முப்பத்தாறு.
அவளுக்குச் சிவப்பைக் காட்டாதே."

பக்கிளுக்கு நான்கு யூரோ வாங்கினேன்.
வாங்கியிருக்க வேண்டாம்.
மாட்டிக்கொண்டு, ஒரு துளை தளர்த்தி,
டக்டக்கென்று சாலையைக் கடந்து போனார்.

வாசலிலிருந்து மேசை வரை
வந்தபோது வைத்த ஈரம் இன்னும் காயவில்லை.
அகலமாக, முனை கூராக,
ஒன்றன்பின் ஒன்றாக.
எல்வியோ சொன்னது பொய்யில்லை.

துடைப்பது என் வேலை.
கதவைத் தாழிட்டு,
ஷூவைக் கழற்றி,
என் முப்பத்தெட்டை
அவற்றுள் ஒன்றில் வைத்துப் பார்த்தேன்.
சுற்றிலும் இடமிருந்தது.